வட்டு இறுகும்போது படுத்திருக்க வேண்டும்

திங்கள்

நடந்ததை முதலில் எழுதுகிறேன். நான் நினைப்பதைப் பிறகு எழுதுகிறேன். இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த வாரம் படிக்கும்போது எது உண்மை, எது என் பயம் என்று எனக்கே தெரிவதில்லை.

ஜெராக்ஸ் கடையில் வேலை முடிந்து, மாலை வகுப்புக்குப் போகும் முன் முகம் கழுவ வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு சொளவு, இலையும் புகையிலைத் தூளும் பரப்பிய முறம், மடியில். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி கதை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய கைப்பேசி பேசியது.

"அன்புள்ள பயனாளி பூலம்மாள் அவர்களே. உங்கள் உடலில் புகைப்பழக்கத்தின் அடையாளம் தெரிகிறது. தயவுசெய்து புகைப்பதை உடனே நிறுத்தவும்."

ஒரு கணம் எல்லோர் விரல்களும் நின்றன. பிறகு சொர்ணக்கிளி அத்தைதான் முதலில் சிரித்தாள்.

"மயினி, எங்களுக்குத் தெரியாம எங்கன வச்சு இழுக்கிய? நாங்க சுத்திப் போடுதத நீங்க குடிச்சுத் தீத்துருதியளோ?"

"சவத்த ஆஃப் பண்ணுட்டி" என்றாள் அம்மா என்னிடம். "அதுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு."

பேசியது கைப்பேசி என்றாலும், சொன்னது அம்மாவின் முதுகுக்குள் இருக்கும் வட்டு. இடுப்புக்குச் சற்று மேலே தேய்ந்துபோன இரண்டு டிஸ்க்குகளை எடுத்துவிட்டு, காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டு செயற்கை வட்டுகள் வைத்தார்கள். இவை புதிய வகை. எலும்பு வளர்ந்து வந்து தங்களைப் பிடித்துக்கொள்கிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்ளும். ரத்தத்தையும் சோதிக்கும். வாராவாரம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்லும். அறுவைக்கு முன்னும் பின்னும் அம்மா உவரியில் மாமா வீட்டில் இருந்தாள். அப்போதெல்லாம் பச்சைதான். பொங்கல் கழிந்து வீட்டுக்கு வந்தோம். இன்று சிவப்பு.

அம்மா வந்ததும் தெரு முழுக்க அவளுக்காகத் திரண்டது. பீடிக்கடையில் அவள் பெயரில் அட்டை இருக்கிறது. தொடர்ந்து பீடி போடாமல் விட்டால் அட்டையை வெட்டிவிடுவார்கள். சேமநிதியும் போய்விடும். அதனால் எங்கள் தெருவில் யாராவது படுத்துவிட்டால், மற்றவர்கள் அவள் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து அவள் பேருக்குச் சுற்றுவார்கள். பிரசவத்துக்கும் அப்படித்தான், சாவு விழுந்த துட்டி வீட்டுக்கும் அப்படித்தான். அட்டையும் சாகாது, படுத்தவளுக்குப் பேச்சுத்துணையும் ஆச்சு.

இதுவரை நடந்தது. இனி நான் நினைப்பது: அம்மா ஒளித்துக் குடிக்கிறாளோ? எழுதவே கூசுகிறது. எழுதிவிட்டேன்.

செவ்வாய்

காலையில் அம்மா தூங்கும்போது தலையணைக்கு அடியிலும், அரிசிப் பானைக்குப் பின்னாலும் தேடினேன். தீப்பெட்டி அடுப்படியில் மட்டும்தான் இருந்தது. பிறகு குனிந்து அவள் வாயை மோந்து பார்த்தேன். கண்ணைத் திறந்துவிட்டாள்.

"என்னட்டி, நாய் மாதிரி மோந்து பாக்க?"

சட்டென்று நிமிர்ந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

"உங்கப்பா இருக்கும்போது, உன்னயப் பொண்ணு கேட்டு வந்த சம்பந்தக்காரன் வாசல்ல பத்த வச்சான்னு சண்டை போட்டவ நான். அந்தப் புகை பட்டாலே எனக்குக் குமட்டும். நீ என்னைய மோந்து பாக்க."

கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகச் சொன்னாள். அதுதான் என்னை என்னவோ செய்தது. பீடியோடு வாழ்நாளைக் கழித்தவளுக்குப் பீடிப்புகை ஆகாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மோந்து பார்த்தேன். ஒரு இயந்திரம் ஒன்று சொன்னது, அவள் அதற்குக் கோட்டி என்றாள். நான் இயந்திரத்தின் பக்கம் போய் நின்றேன்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். தொடர் கவனிப்பு அதிகாரி ஜெரால்ட் சார், அடுத்த புதன்கிழமை படம் எடுக்க நேரில் வரச் சொன்னார்.

வெள்ளி

நான் மாலை வகுப்பில் மருத்துவக் கருவிப் பராமரிப்பு படிக்கிறேன். ஆய்வகத்தில், உடம்பில் புகையிலை இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கும் காகிதக் கீற்றுகள் உண்டு. இருந்தால் கோடு விழும். பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளலாம். கேட்டு வாங்கி வந்தேன்.

அம்மாவுக்குப் பார்த்தேன். கோடு விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒரு கீற்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது என்று படித்திருக்கிறேன். புகைக்காத ஒருவருக்கும் பார்த்து ஒப்பிட வேண்டும். நிச்சயமாகப் புகைக்காத ஆள் என்று எனக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கே பார்த்தேன்.

எனக்கும் கோடு விழுந்தது.

கீற்றுகள் கெட்டுப்போனவை என்று நினைத்தேன். வகுப்பில் என்னோடு படிக்கும் ஜெனிஃபா டவுனில் ஹாஸ்டலில் இருப்பவள். அவளைக் கெஞ்சி அவளுக்குப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. பிறகு சொர்ணக்கிளி அத்தையிடம் போய் நின்றேன்.

"ஏட்டி, இதையுமா டப்பால பிடிச்சு எடுத்துட்டுப் போய்ப் படிக்கிய?" என்று தெருவே கேட்கச் சிரித்தாள். ஆனாலும் கொடுத்தாள். அவளுடைய கோடுதான் எல்லாவற்றிலும் அழுத்தமாக விழுந்தது.

அத்தை புகைத்ததில்லை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை சுற்றுபவள். அவள் விரல் நுனிகள் புகையிலைத் தூளின் நிறத்திலேயே இருக்கும். நான் அம்மாவின் அறையிலேதான் படுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுக்கிறேன்.

நான் நினைப்பது: தூள் தோல் வழியாகப் போகிறது, மூச்சு வழியாகப் போகிறது. வட்டுக்கு வழி தெரியாது. வந்து சேர்ந்தது மட்டும்தான் தெரியும். இது சரியாக இருந்தால், அம்மாவின் முதுகைக் கெடுத்தது அவள் பேருக்குச் சுற்ற வந்தவர்கள்தான். தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சனி

பெண்களிடம் சொன்னேன். நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. "நீங்க வந்ததாலதான்" என்று தொடங்கிவிட்டேன். எல்லோரும் சொளவுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை மட்டும் திரும்பி வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அறை முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.  அவள் பேசாமல் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு, அட்டைக்கு இனி அவரவர் வீட்டில் சுற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா வெறும் அறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எல்லாரையும் விரட்டிட்ட. இனி சுவத்தப் பாத்துப் பேசட்டுமா?"

புதன்

கைப்பேசி மஞ்சளுக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடுதான் அம்மாவை வாடகை வேனில் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

ஜெரால்ட் சார் படங்களைத் திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தார். நடுவயதுக்காரர். நோயாளி இருக்கும்போது குரலைத் தாழ்த்தி நல்ல தமிழில் பேசுகிறவர். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ரத்தத்தில் குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் எலும்பு பிடிக்க வேண்டிய காலத்தில் பிடிக்கவில்லை. நிக்கோட்டின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். எலும்புக்குச் சாப்பாடு போகாது. வட்டு உள்ளே லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது."

"இப்ப என்ன சார் செய்யணும்?"

"நாம் செய்ய ஒன்றும் இல்லைம்மா. வட்டே செய்யும். ஆடுகிற வட்டு நழுவினால் நரம்பை நசுக்கும், கால் போய்விடும். அதனால் ஓரளவுக்கு மேல் ஆடினால் அது தன்னைத்தானே கெட்டியாக்கிக்கொண்டு, மேலும் கீழும் எலும்பைக் கவ்விக்கொள்ளும். கல் மாதிரி. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

"அப்புறம் இளக வைக்க முடியாதா?"

"முடியாது. எடுக்கவும் முடியாது. எந்த வளைவில் இருக்கும்போது இறுகுகிறதோ அந்த வளைவிலேயே நின்றுவிடும். அதனால் இறுகப்போகிறது என்று கைப்பேசியில் எச்சரிக்கை வந்ததும் மல்லாந்து படுத்துவிட வேண்டும். நேராக இறுகட்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்."

நான் கீற்றுகளைப் பற்றிச் சொன்னேன். அம்மா புகைப்பதில்லை, பீடி சுற்றுகிற அறையில் கிடந்தாள், எனக்கும் கோடு விழுந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்" என்றார். "உங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் இப்படி முன்பும் பார்த்திருக்கிறேன்."

"அப்ப ஏன் சார் முதல்லயே சொல்லல? 'புகைப்பிடிப்பீங்களா'ன்னு கேட்டாங்க. இல்லைன்னோம். வீட்ல யாராவது பிடிப்பாங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னோம். தூளைத் தொடுவீங்களான்னு யாருமே கேக்கலையே."

"கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்." கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "திட்டத்தில் புகைப்பவர்களுக்கு வட்டு கிடையாது. வட்டு வீணாகிவிடும் என்பதால். நான் இப்போது 'தொழிலால் வந்தது' என்று காரணம் எழுதினால், உங்கள் அம்மாவுக்கு நல்லதுதான். அவர்மேல் தப்பில்லை, தொடர்ந்து சிகிச்சை கிடைக்கும். கீழே இறுகிவிட்டால் பாரமெல்லாம் மேலே உள்ள டிஸ்க்குக்குப் போகும், சில வருடத்தில் அதுவும் தேயும். அப்போது அதற்கும் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் காரணம் ஒருமுறை மேலிடத்துக்குப் போய்விட்டால், விலக்கப்பட்டவர்கள் பட்டியலில் பீடி சுற்றுபவர்களையும் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் தெருவில் ஒருவருக்கும் கிடைக்காது."

"எழுதலன்னா?"

"புகைத்தார் என்று எழுத வேண்டும். அத்தோடு இவர் கணக்கு முடிந்தது. இனி எந்த முதுகுச் சிகிச்சையும் திட்டத்தில் கிடையாது."

நான் என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையைச் சொல்வதா, ஊருக்குப் பார்ப்பதா என்றெல்லாம் அல்ல. எது எழுதினால் அம்மாவுக்கு வலி குறையும் என்றுதான். தொழிலால் என்று எழுதுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"பீடி குடிச்சேன்னு எழுதிக்கிடுங்க சார்" என்றாள் அம்மா, படுத்தபடியே.

"யம்மா."

"நீ சும்மா இருட்டி. சொர்ணத்துக்கும் வட்டு வைக்கப் பேர் குடுத்திருக்கு. பங்குனி கழிச்சு கூப்புடுவாங்க. அவ ராத்திரி காலத் தூக்கிச் சுவத்துல வச்சிட்டுத்தான் தூங்குதா. எழுதுங்க சார். சின்ன வயசுலேயே பழக்கம்னு எழுதுங்க."

ஜெரால்ட் சார் உடனே எழுதவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு எழுதும் சத்தம் கேட்டது.

ஞாயிறு

இன்று இறுகியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எச்சரிக்கை வந்தது. அம்மாவை மல்லாத்திப் படுக்க வைத்தேன். தெருப்பெண்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சொளவு இல்லாமல் வந்து வாசலோடு நின்றார்கள். உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.  வரச்சொல்லித் தலையை அசைத்தேன்.

எந்தச் சத்தமும் இல்லை. வெளியே இருந்து பார்க்க அம்மா சும்மா படுத்திருப்பதுபோல்தான் இருந்தது. இடையில் ஒருமுறை அத்தையின் கையைப் பிடித்தாள். அந்தி சாயும் நேரத்தில் கைப்பேசி, "நிலைப்படுத்தல் முடிந்தது. நன்றி" என்றது.

"எப்படி இருக்கு மயினி?"

"உள்ள குத்துக்கல் நட்டாப்ல இருக்கு."

மாசிக் கடைசி

கொஞ்ச நாளாக எழுதவில்லை. எழுதினால் அம்மாவைப் பற்றிப் புகார் எழுதுவதுபோல் ஆகிவிடுகிறது.

நடந்தது. அம்மாவால் நிற்க முடிகிறது, படுக்க முடிகிறது. நடுவில் எதுவும் இல்லை. சாப்பாட்டை டீக்கடையில் நிற்பவர்கள்போல் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள். கழிப்பறைக்கு நான் வேண்டும். அட்டையை வெட்டிவிட்டார்கள். அட்டையில் கையெழுத்துப் போட, கடைக்கு நேரில் வந்து உட்கார்ந்து சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அவளால் உட்கார முடியாது.

புகைத்தாள் என்ற செய்தி எப்படியோ உவரிவரை போய்விட்டது. மாமா போனில் கத்தினார். "பொம்பளையா அவ? ஆபரேஷனுக்கு நாங்க நாயா அலைஞ்சோம். இவ ஊதித் தள்ளிட்டா!" நான் உண்மையைச் சொல்லப் போனேன். அம்மா நின்ற இடத்திலிருந்து, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மாமா வீட்டில் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய் அது மருத்துவமனைவரை எட்டிவிடும் என்பது அவள் பயம்.

தெருவில் எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆனாலும் வெளியாள் யாராவது கேட்டால், "ஆமா, பீடி குடிப்பா. பெரிய குடிகாரி" என்று சொல்கிறார்கள். அம்மாவுக்காகச் செய்யும் உதவி இப்போது அதுதான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது பழகிவிட்டது.

நான் நினைப்பது: அம்மாவின் பொய் அத்தைக்கு வட்டை வாங்கிக் கொடுக்கும். எலும்பைப் பிடிக்க வைக்காது. அத்தையின் கோடு அம்மாவினுடையதைவிட அழுத்தமானது. ஒரு கெட்ட பொருளைக் காப்பாற்றி இன்னொருத்தி கையில் கொடுத்திருக்கிறோம். இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளிடம் மிச்சமிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்.

வியாழன்

அத்தைக்குத் தேதி வந்துவிட்டது. தேங்காய் பழத்தோடு வந்தாள். நான் வகுப்புக்குப் போகவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று, அவள் முன்னாலேயே சொன்னேன்.

"அத்தை, நீங்க சுத்துறத நிறுத்தணும். ஆபரேஷனுக்கு முன்னாடியும், அப்புறமும். வீட்லயும் யாரும் சுத்தக் கூடாது. இல்லைன்னா உங்களுக்கும் இறுகிரும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எப்பவுமே."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை பழத்தைக் கீழே வைத்தாள். "சுத்தாம என்னட்டி செய்ய? ஜெராக்ஸ் கடையில எனக்கும் ஒரு வேல வாங்கித் தாரியா?"

"அப்ப ஆபரேஷன் வேண்டாம் அத்தை."

"வேண்டாம்னா வலி போயிருமா?"

  அத்தை தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு, எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் நிதானமாகப் பேசினாள்.

"நான் யோசிச்சுப் பாத்தேன் தேவி. ஆபரேஷன் முடிஞ்சா கொஞ்ச காலம் வலி இருக்காது, அதுவே பெருசு. அப்புறம் இறுகும். இறுகட்டும். உங்கம்மா செஞ்ச தப்பு, அந்த சார் சொன்னாருன்னு படுத்தா. நேரா இறுகிட்டு. நேரா நின்னு நம்ம யாருக்கு சல்யூட் அடிக்க? எனக்கு எச்சரிக்கை வரும்போது நான் படுக்க மாட்டேன். சொளவ மடியில வச்சு உக்காந்திருவேன். உக்காந்தாப்லயே இறுகிட்டா, சாவுற வரைக்கும் சுத்தலாம். அட்டையும் இருக்கும்."

"அத்தை, அப்புறம் நிமிரவே முடியாது. படுக்க முடியாது. குறுகித்தான் நடக்கணும்."

"இப்ப மட்டும் நிமிந்தா நடக்கேன்?"

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் சொளவு இருப்பதுபோல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. கொஞ்சம் கூடக்கொறையப் போச்சுன்னா ஆயுசுக்கும் அப்படித்தான். அதான் உன்னக் கேக்கேன். நீ படிச்ச பிள்ள. அன்னைக்குப் பக்கத்துல இருந்து, எம்புட்டு வளையணும்னு பாத்துச் சொல்லு."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அம்மா சுவரிலிருந்து விலகி, ஒரு அடி முன்னால் வந்தாள். குனிய முடியாததால் கண்ணை மட்டும் தாழ்த்தி அத்தையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் முன்னால சாயி, கிளி. அவ்வளவு நிமிந்திருந்தா தூள் எட்டாது."

அத்தை சாய்ந்தாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். கழுத்த விடு, இடுப்புல இருந்து சாயி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா சொல்லும் வளைவு சரிதானா என்று பார்க்க, நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.